வேடந்தாங்கலில் ஒரு நாள்

தமிழ்நாட்டில் வற்றாத ஆறுகள் மிகச் சில. அக்குறையை நம் முன்னோர் ஏரிகளை அமைத்து ஈடு செய்துகொண்டனர். மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி ஓடிவரும் மழைநீரைக் கரையிட்டுத் தடுத்தனர். ஓர் ஏரி நிரம்பியதும் மிகுநீர் கலிங்கல் வழியே அடுத்த ஏரியை அடையுமாறு அவற்றைத் தொடர்புபடுத்தினர். இவ்வகை ஏரிகள் நிறைந்தமையால் பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக்கு 'ஏரி மாவட்டம்' என்றே ஒரு பெயர் உண்டு. அங்குள்ள ஏரிகளுள் மதுராந்தகத்து ஏரி தன் பரப்பினால் புகழ் பெற்றது. அதே வட்டத்தில் உள்ள வேடந்தாங்கல் ஏரியோ மிகச் சிறியது. ஏறத்தாழ 30 ஹெக்டேர், அதாவது 75 ஏக்கருக்குச் சற்றுக் குறைவானது. எனினும் உலகெங்கும் பறவை நூல் வல்லார் அறிந்த பெயர் வேடந்தாங்கலே. அப்புகழைத் தேடித் தந்தவை அங்கு ஆண்டுதோறும் வந்து கூடு கட்டும் நீர்ப்பறவைகள்.

'தாங்கல்' என்பது சிற்றேரியைக் குறிக்கும் சொல். தொண்டை நாட்டில் இச்சொல்லை ஈறாகக் கொண்ட ஊர்ப்பெயர்கள் பலவற்றைக் காணலாம். வேடனுடைய தாங்கல் வேடந்தாங்கல் ஆயிற்று என்பர். வேடன் பெயரைத் தாங்கிய ஊர் பறவைகளின் புகலிடமாக விளங்குவது எவ்வாறு என்பதை அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும். அதற்கு அந்த ஏரிக்கரையில் ஒரு பகற்பொழுதையேனும் செலவிட வேண்டும். 2024 ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தகைய வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

நாங்கள் நால்வர் சென்றோம். ஒருவர் கல்லூரியில் தாவரவியல் கற்பிப்பவர். மற்றொருவர் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். முப்பது ஆண்டுகளாகப் பறவைகளைப் பார்த்துக் குறிப்பெழுதி வருபவர். மூன்றாமவர் கல்லூரி மாணவர். அவருக்கு இதுவே முதற்பயணம். சென்னையிலிருந்து விடியுமுன் புறப்பட்டுச் செங்கற்பட்டைக் கடந்து, படாளம் கூட்டுச்சாலையில் மேற்கே திரும்பினோம். இருபுறமும் கதிர் வாங்கிய நெல்வயல்கள் பனியில் நனைந்து நின்றன. வயல் வரப்புகளில் மடையான்கள் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, மண்ணாங்கட்டியோ பறவையோ என்று ஐயுறும்படி அமர்ந்திருந்தன. எங்களுள் மூத்தவரான வங்கி நண்பர், "தம்பி, குறிப்பேட்டை இங்கேயே திறந்துவிடு. ஏரி வந்த பிறகுதான் பறவை என்று எண்ணாதே" என்று மாணவரிடம் கூறினார். அச்சொல்லின் முழுப் பொருள் மாலையில்தான் எங்களுக்கு விளங்கியது.

ஏரிக்கரையை அடைந்தபொழுது கதிரவன் எழுந்துகொண்டிருந்தான். கண்ணுக்கு எட்டுமுன் காதுக்கு எட்டியது பறவைக் கூட்டம். சந்தை கூடிய இடத்தில் எழும் இரைச்சல் போன்றதோர் ஒலி நீரின் மேல் பரவி வந்தது. உற்றுக் கேட்டால் அதனுள் பல ஒலிகள் தனித்தனியே பிரிந்தன. நீர்க்காகங்களின் உறுமல் ஒன்று. குஞ்சுகள் இரை கேட்டு இடைவிடாது எழுப்பும் கூச்சல் ஒன்று. 'டக டக' என்று கட்டையைத் தட்டுவது போன்ற ஒலி மற்றொன்று. கடைசியாகச் சொன்னது நாரைகளின் அலகொலி. வளர்ந்த நாரைகள் பெரும்பாலும் வாய் திறந்து குரல் எழுப்புவதில்லை. துணையை வரவேற்பதும், அயலாரை எச்சரிப்பதும் மேலலகையும் கீழலகையும் தட்டி ஒலி எழுப்பியே ஆம்.

ஏரியின் நடுவே நீரில் அடிமரம் மூழ்கிய நிலையில் மரங்கள் நின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நீர்க்கடம்பு. கருவேல மரங்களும் உண்டு. நீர்க்கடம்பு மாதக்கணக்கில் வெள்ளத்தில் நின்றாலும் அழுகாது என்று தாவரவியல் ஆசிரியர் விளக்கினார். இலைகளின் மேல் சுண்ணாம்பு அடித்தாற்போல் எச்சம் படிந்திருந்தது. ஒவ்வொரு கிளையிலும் சுள்ளிக் கூடுகள். ஒவ்வொரு கூட்டிலும் ஒரு குடும்பம். மரமே பூத்துக் குலுங்குவது போலத் தொலைவிலிருந்து தோன்றும். தொலைநோக்கியை வைத்துப் பார்த்தால் பூ ஒவ்வொன்றும் ஒரு நாரையாகவோ கொக்காகவோ மாறிவிடும்.

இத்துணைப் பறவைகளை ஒருங்கே கண்ட மாணவர் திகைத்து, "ஐயா, இவற்றை எப்படிப் பிரித்தறிவது? எல்லாம் வெள்ளையாக அல்லவா இருக்கின்றன?" என்று வினவினார். பறவை பார்க்கத் தொடங்கும் எவர்க்கும் எழும் வினா இது. மூத்த நண்பர் மூன்று குறிகளைச் சொன்னார். முதற்குறி பறக்கும் முறை. நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம் ஆகியவை கழுத்தை முன்னே நீட்டிப் பறக்கும். கொக்கினங்கள் கழுத்தை மடக்கித் தோள்களுக்கிடையே ஒடுக்கிக்கொண்டு பறக்கும். கூழைக்கடாவும் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே பறக்கும். இரண்டாவது குறி அலகு. மூன்றாவது குறி அலகு, கால் இவற்றின் நிறம். உடலின் நிறத்தைக் கடைசியில் பார்த்தால் போதும் என்றார். மாணவர் அம்முறையைப் பின்பற்றி அரை மணி நேரத்தில் பத்து வகைகளைத் தாமே இனம் கண்டார்.

அலகைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த ஏரியின் வாழ்க்கையைத் திறந்து காட்டும் திறவுகோல் அதுவே. தச்சர் கைப்பெட்டியில் உளி, இழைப்புளி, வாள், துளைக்கருவி எனப் பல கருவிகள் இருப்பது போல, வேடந்தாங்கலில் அலகுகள் பல வகை. ஒவ்வோர் அலகும் ஒரு தொழிலுக்கு உரியது.

சங்குவளை நாரையை எடுத்துக்கொள்வோம். மஞ்சள்மூக்கு நாரை என்றும் இதனை வழங்குவர். வெண்ணிற உடல், மார்பில் கரும்பட்டை, வாலருகே இறகுகளில் இளஞ்சிவப்புப் பூச்சு, நீண்ட மஞ்சள் அலகு நுனியில் சற்றே வளைந்திருக்கும். இது இரை தேடும்போது கண்ணை நம்புவதில்லை. கலங்கிய நீரில் அலகைப் பாதி திறந்தபடி அமிழ்த்திக்கொண்டு, காலால் சேற்றைக் கிளறி நடக்கும். மருண்டோடும் மீன் அலகில் பட்டதும் அலகு சட்டென்று மூடிக்கொள்ளும். ஆகவே நீர் கலங்கியிருப்பது இதற்கு இடையூறன்று.

நத்தைகுத்தி நாரைக்கு அலகின் நடுவே ஓர் இடைவெளி உண்டு. வாயை மூடினாலும் அவ்விடைவெளி மூடாது. பாக்குவெட்டி போல நத்தையை அதில் வைத்து நொறுக்குகிறது என்று முற்காலத்தில் கருதினர். கூர்ந்து ஆராய்ந்தவர்கள் உண்மை வேறு எனக் கண்டனர். கீழலகின் கூரிய நுனியை நத்தையின் மூடிக்குள் செலுத்தி, உடலை ஓட்டுடன் பிணைக்கும் தசையை அறுத்து, ஓட்டை உடைக்காமலே உள்ளிருப்பதை வெளியே எடுத்துவிடுகிறது. குஞ்சுகளின் அலகில் இவ்விடைவெளி இராது. வளர வளரவே தோன்றும். நெல்வயல்களில் பெருகும் நத்தைகளை உண்பதால் இது உழவருக்கும் உதவுகிறது.

கரண்டிவாயன் தட்டையான அலகை நீரில் இட்டு, அரிவாளால் புல்லறுப்பவர் போல வலமும் இடமுமாக வீசிச் செல்லும். அரிவாள்மூக்கன் வளைந்த அலகால் சேற்றைத் துழாவும். சாம்பல் நாரை அசையாது நின்று, நெருங்கிய மீனை ஒரே வீச்சில் கவ்வும். பெயரளவில் நாரையாயினும் அது கொக்கின் இனமே. நீர்க்காகம் நீருக்குள் மூழ்கி மீனைத் துரத்திப் பிடிக்கும். பாம்புத்தாரா நீருக்கடியில் ஓசையின்றி நெருங்கி, மூடிய அலகை ஈட்டி போல மீனின் உடலில் பாய்ச்சும். கழுத்து மட்டும் நீருக்கு மேல் தெரிகையில் பாம்பு நீந்துவதாகவே தோன்றும். கூழைக்கடா கீழலகின் தோற்பையை வலையாகக் கொண்டு நீரோடு மீனை அள்ளி, நீரை வடித்துவிட்டு விழுங்கும்.

இப்போது ஓர் உண்மை புலனாகும். ஒரே ஏரியை நம்பியன போலத் தோன்றும் இப்பறவைகள் ஒரே உணவுக்காகப் போரிடவில்லை. ஆழ்நீர் ஒன்றுக்கு, கரையோரம் ஒன்றுக்கு, சேறு ஒன்றுக்கு, வயல் ஒன்றுக்கு என வகுத்துக்கொண்டு வாழ்கின்றன. பகலில் உண்பவை உறங்கச் செல்லும்போது வக்கா எனப்படும் இராக்கொக்கு வேட்டைக்குப் புறப்படுகிறது. இடத்தையும் காலத்தையும் உணவையும் பங்கிட்டுக்கொள்வதாலேயே பல்லாயிரம் பறவைகள் ஓரிடத்தில் ஒன்றாக வாழ முடிகிறது.

கூடு கட்டும் மரத்திலும் இவ்வொழுங்கைக் காணலாம். பெரிய நாரைகளும் சாம்பல் நாரைகளும் பெரும்பாலும் மர உச்சியில் இடம் பிடிக்கின்றன. பெரிய சிறகுகளை விரித்து இறங்குவதற்குத் திறந்த இடம் வேண்டுமன்றோ? நீர்க்காகமும் வெண்கொக்கும் நடுக்கிளைகளில் அமர்கின்றன. வக்கா இலைமறைவில் தாழ்ந்த கிளைகளை நாடுகிறது. நாங்கள் ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு, அதனை மேல், நடு, கீழ் என மூன்றாகப் பிரித்து, ஆளுக்கொரு பகுதியில் கூடுகளை எண்ணினோம். அந்த ஒரு மரத்திலேயே நான்கு இனப் பறவைகளின் கூடுகள் இருந்தன.

வெயில் ஏறியபோது சங்குவளை நாரைக் கூடு ஒன்றில் எங்கள் கண்கள் நிலைத்தன. உள்ளே மூன்று குஞ்சுகள்; வெண்தூவி மூடிய சிறு உடல்கள். தாயோ தந்தையோ, அறிய வழியில்லை, ஏனெனில் இருபாலும் ஒரே தோற்றமுடையவை. ஒன்று வெயிலுக்குப் புறங்காட்டி நின்று, இரு சிறகுகளையும் குடைபோல் விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தந்தது. சற்று நேரத்தில் மற்றொன்று பறந்துவந்து, அலகைத் தட்டித் தன் வருகையை அறிவித்து, விழுங்கி வந்த மீன்களைக் கூட்டின் தளத்தில் கக்கியது. குஞ்சுகள் பாய்ந்து பொறுக்கின. கடும் வெயிலில் வாயில் கொணர்ந்த நீரைக் குஞ்சுகளின் மேல் பொழிந்து குளிர்விப்பதும் இவற்றின் வழக்கம். நிழல் தந்து நின்றது உடனே புறப்பட்டுச் சென்றது. வந்தது அதன் இடத்தில் நின்றது. முறை மாறும் இக்காவல் குஞ்சுகள் பறக்கும்வரை தளராது நடைபெறுகிறது.

குஞ்சு பொரித்தற்கு இவை வடகிழக்குப் பருவமழைக் காலத்தைத் தேர்ந்துகொள்வதன் காரணம் இதிலிருந்தே விளங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிகள் நிரம்புகின்றன. மீனும் நத்தையும் தவளையும் பெருகுகின்றன. குஞ்சுகளின் பசி மிகும் காலத்தில் இரை மலிந்திருக்கும். மரங்களைச் சூழ்ந்த நீர் கோட்டையின் அகழி போலப் பகைவரைத் தடுக்கும். பங்குனி, சித்திரையில் நீர் வற்றத் தொடங்கும்போது இளம்பறவைகள் பறக்கக் கற்றிருக்கும். மழை பொய்த்த ஆண்டில் பறவைகள் குறைவாகவே வருகின்றன. சில ஆண்டுகளில் வந்தவையும் கூடு கட்டாமல் திரும்பிவிடுகின்றன.

இங்கு ஒரு தவறான கருத்தை நீக்குதல் வேண்டும். வேடந்தாங்கலில் கூடு கட்டுபவை அயல்நாடுகளிலிருந்து வரும் பறவைகள் என்று பலர் கருதுகின்றனர்; பேச்சிலும் எழுத்திலும் அவ்வாறே கூறப்படுகிறது. நாரை, கொக்கு, நீர்க்காகம், கூழைக்கடா, அரிவாள்மூக்கன் முதலிய கூடு கட்டும் பறவைகள் நம் துணைக்கண்டத்தைச் சேர்ந்தவையே. நீரும் இரையும் உள்ள இடம் நாடி நாட்டிற்குள்ளேயே இடம்பெயர்பவை அவை. வடநாடுகளிலிருந்து குளிருக்கு அஞ்சி வருபவை வேறு. அவை இங்குக் கூடு கட்டுவதில்லை. வந்து, உண்டு, இளைப்பாறி, வேனில் தொடங்கியதும் தம் தாயகம் சென்றே முட்டையிடும்.

இவ்விரண்டாம் வகையைக் காண நண்பகலுக்குப் பின் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கரிக்கிலி ஏரிகளுக்குச் சென்றோம். அங்கு மரங்களைக் காட்டிலும் திறந்த நீர்ப்பரப்பே சிறப்பு. ஊசிவால் வாத்துகளும், தட்டைவாயன்களும், கண்ணின் மேல் வெண்கோடு விளங்கும் நீலச்சிறகி ஆண்களும் கூட்டம் கூட்டமாக மிதந்தன. ஐரோப்பாவிலும் ஆசியாவின் வடபகுதியிலும் பிறந்து, மலைகளையும் பாலைகளையும் கடந்து வந்த விருந்தினர் அவை. கையளவு உடலில் இத்துணை ஆற்றலா என்று மாணவர் வியந்தார். இவற்றின் வழியை அறிஞர் ஊகத்தால் மட்டும் சொல்லவில்லை. 1883 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளின் காலில் எண் பொறித்த வளையங்களைப் பூட்டி விடுத்தனர். இந்தியாவில் வளையமிட்ட வாத்துகள் பல உருசிய நாட்டில் அகப்பட்டமையால் அவற்றின் பயணம் உறுதிப்பட்டது. அப்பணிக்குத் தலைமை தாங்கியவர்களுள் முதன்மையானவர் சாலிம் அலி. 1941 ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் பலருக்கு முதல் ஆசிரியனாக இருந்து வந்திருக்கிறது. தமிழகத்தில் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் வேடந்தாங்கலை ஆண்டுகள் பல கூர்ந்து நோக்கி எழுதியவர்.

கரிக்கிலிக்குச் செல்லுமுன் வேடந்தாங்கல் மதகருகே ஒரு முதியவரைச் சந்தித்தோம். ஏரியின் கீழ் அவருக்குச் சிறிது நிலம் உண்டு. "ஐயா, இந்தப் பறவைகளால் உங்களுக்கு இடையூறு இல்லையா?" என்று கேட்டோம். அவர் நகைத்து, "இடையூறா? அது போடுற எச்சம்தான் தம்பி எங்க வயலுக்கு உரம். இந்தத் தண்ணி பாயுற நிலத்துக்கும் மத்த நிலத்துக்கும் பயிரைப் பார்த்தாலே தெரியும். எங்க தாத்தா காலத்துலேயே இது இப்படித்தான்" என்றார். இதில் அறிவியல் உண்மை உண்டு. பறவையின் எச்சத்தில் நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகிய சத்துகள் உள்ளன. அவை ஏரிநீரில் கரைந்து மதகு வழியே வயலை அடைகின்றன. பறவை ஊருக்கு உரம் தருகிறது. ஊர் பறவைக்குக் காவல் தருகிறது.

இக்காவலின் வரலாறு தமிழர் பெருமிதம் கொள்ளத்தக்கது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைச் சிப்பாய்கள் இங்கு வந்து பறவைகளைச் சுட்டனர் என்றும், ஊரார் ஒன்றுகூடிச் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டனர் என்றும் கூறுவர். அக்காலத்துக் கலெக்டர் லயனல் பிளேஸ். மதுராந்தகத்து ஏரி காத்த இராமர் கதையில் வரும் கலெக்டரும் அவரே. 1798 ஆம் ஆண்டில் அவர், பறவைகளைக் காக்கும் உரிமை ஊராருக்கு உண்டு என்று 'கவுல்' என்னும் உறுதிப் பத்திரம் ஒன்றை அளித்தார். பின்னர் அது 1858 ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்டது. காட்டுயிர் காப்பது பற்றிய சட்டங்கள் இந்நாட்டில் தோன்றுமுன்பே, எளிய உழவர்கள் கேட்டுப் பெற்ற உரிமை இது. நாட்டிலுள்ள பழமையான பறவைப் புகலிடங்களுள் ஒன்றாக வேடந்தாங்கலைக் கருதுவதற்கு இதுவே அடிப்படை. 1936 ஆம் ஆண்டில் இதனைப் புகலிடமாக அரசு ஏற்றுக்கொண்டது. 1972 ஆம் ஆண்டில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1998 ஆம் ஆண்டில் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரமுள்ள நிலப்பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டில் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் உலக முதன்மை வாய்ந்த ஈரநிலங்களுக்குரிய இராம்சார் பட்டியலில் இடம் பெற்றன.

ஏரி 30 ஹெக்டேர்தான். பின் 5 கிலோமீட்டர் ஆரமுள்ள நிலத்துக்கு ஏன் பாதுகாப்பு? பலரும் கேட்கும் வினா இது. அன்று மாலை எங்கள் குறிப்பேடே இதற்கு விடை சொல்லிற்று. காலை முதல் ஏரியை விட்டுப் பறந்த பறவைகளை நாங்கள் திசைவாரியாகக் குறித்து வைத்திருந்தோம். இரை தேடப் புறப்பட்ட நாரைகளுள் மிகப் பல ஏரிக்குள் இறங்கவே இல்லை; எல்லாத் திசைகளிலும் வயல்களையும் அண்டை ஊர் ஏரிகளையும் நோக்கிச் சென்றன. கரிக்கிலிக்குப் போகும் வழியில் சிற்றேரிகளிலும், உழுது நீர் கட்டிய வயல்களிலும் அவற்றையே மீண்டும் கண்டோம். சிந்தித்துப் பார்த்தால் வேறு விதமாக இருக்க இயலாது. இத்துணைக் குஞ்சுகளுக்கும் நாள்தோறும் இரை தர இச்சிறிய ஏரியால் முடியுமா? வேடந்தாங்கல் பறவைகளுக்கு வீடு. சுற்றியுள்ள ஏரிகளும் வயல்களுமே அவற்றின் உணவுக்களம். வீட்டைப் பூட்டிக் காத்துவிட்டு விளைநிலத்தை அழித்தால் குடும்பம் எவ்வாறு பிழைக்கும்? காலையில் மூத்த நண்பர் வயலருகிலேயே குறிப்பேட்டைத் திறக்கச் சொன்னதன் பொருள் இதுவே.

ஆகவே அண்டை ஏரிகள் தூர்ந்துபோவதும், நீர்வரத்துக் கால்வாய்கள் அடைபடுவதும், வயல்கள் மனைகளாக மாறுவதும், பூச்சிக்கொல்லி நஞ்சு நத்தையிலும் மீனிலும் சேர்வதும், ஆலைக் கழிவு நீரில் கலப்பதும் சரணாலயத்தின் வேலிக்கு வெளியே நிகழ்ந்தாலும் வேலிக்குள் இருக்கும் கூட்டையே தாக்கும். 2020 ஆம் ஆண்டில், சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் எல்லையை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவு ஒன்று எழுந்தபோது, ஊர்மக்களும் இயற்கை ஆர்வலரும் கடுமையாக எதிர்த்தமைக்குக் காரணம் இதுவே. எல்லை என்பது வரைபடத்தில் இட்ட வெறும் வட்டமன்று. ஒரு குஞ்சின் வாய்க்கும் அதன் இரைக்கும் இடையேயுள்ள தொலைவு.

உழவருக்கும் உரிய நீதி இதில் உண்டு. சரணாலய எல்லைக்குள் வாழும் மக்களின் நிலமும் தொழிலும் தடையின்றி நடைபெற வேண்டும். பறவையின் பெயரால் அவர்களுக்கு இன்னல் நேருமானால் இரு நூற்றாண்டு உறவு முறிந்துவிடும். வேடந்தாங்கலைக் காத்தவர்கள் அவர்களே. இனிக் காக்க வேண்டியவர்களும் அவர்களே. இவ்வுறவு இவ்வூருக்கு மட்டும் உரியதன்று. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் வீட்டு முற்றத்து மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டுகின்றன; தவறி விழுந்த குஞ்சுகளை ஊரார் எடுத்து வளர்க்கின்றனர். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுகுடிப்பட்டியில், பறவைகள் வெருண்டு ஓடுமென்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. சிறுவர்கள்கூட இந்நோன்பை மகிழ்ந்து ஏற்கின்றனர்.

மாலை ஐந்து மணிக்கு வேடந்தாங்கல் கரைக்குத் திரும்பினோம். பார்வைக் கோபுரத்தின் மேல் நின்றபோது, மேற்கு வானில் புள்ளிகளாகத் தோன்றியவை வரிசைகளாகி, வரிசைகள் பறவைகளாகி ஏரியின் மேல் வட்டமிட்டு இறங்கின. வெண்கொக்குகள் ஒரு திசையிலிருந்து. அரிவாள்மூக்கன்கள் சாய்கோடாக மற்றொரு திசையிலிருந்து. கூழைக்கடாக்கள் சிறகை அசைக்காமல் காற்றில் மிதந்து இன்னொரு திசையிலிருந்து. எண்ண முயன்ற மாணவர் நான்காயிரத்தைத் தாண்டியதும் எழுதுகோலைக் கீழே வைத்தார். இருள் சூழ்ந்த வேளையில் மரத்தின் அடிக்கிளைகளிலிருந்து வக்காக்கள் 'வக், வக்' என்று ஒலித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியேறி வயல்களை நோக்கிப் பறந்தன. பகற்பணியாளர் வீடு திரும்ப, இரவுப் பணியாளர் புறப்பட்டனர்.

மாணவ நண்பர்களே, பறவை பார்ப்பது பெரும்பொருள் செலவாகும் பொழுதுபோக்கு என்று எண்ண வேண்டா. ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் பொறுமையும் போதும். தொலைநோக்கி கிடைத்தால் நன்று. உங்கள் ஊரில் ஏரியோ குளமோ கழனியோ இல்லாமற் போகாது. வாரம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சென்று நில்லுங்கள். நாள், நேரம், நீரின் அளவு, கண்ட பறவை, அதன் எண்ணிக்கை, அது செய்த செயல் இவற்றை எழுதுங்கள். பெயர் தெரியாவிடில் அலகையும் காலையும் பறக்கும் விதத்தையும் வரைந்து வையுங்கள். பெயர் பின்னர் வந்து சேரும். மங்கிய நிற உடை அணியுங்கள், உரக்கப் பேசாதீர்கள், கூட்டின் அருகே செல்லாதீர்கள். பெற்ற பறவை அஞ்சி எழுந்து சென்ற சில நிமிடங்களில் குஞ்சு வெயிலில் வாடும், அல்லது காகத்துக்கு இரையாகும்.

ஓராண்டுக் குறிப்பு உங்களுக்கு இன்பம் தரும். பத்தாண்டுக் குறிப்போ நாட்டுக்கே பயன் தரும். எந்த ஆண்டில் எந்தப் பறவை குறைந்தது, எந்த ஏரி வறண்டது, எந்தப் பறவை முந்தி வந்தது என்பதை அது சொல்லும். ஏரிக்கு ஊறு நேரும்போது வாதிடுவதற்குச் சான்று வேண்டும். அச்சான்று உங்கள் குறிப்பேட்டிலிருந்தே கிடைக்கலாம். இரு நூற்றாண்டுகளுக்கு முன் வேடந்தாங்கல் உழவர்கள் கலெக்டரிடம் சென்றபோது, தாங்கள் நாள்தோறும் கண்டறிந்த உண்மையைத்தான் எடுத்துக் கூறினர். தம் ஏரியை அவ்வளவு நன்றாக அவர்கள் அறிந்திருந்தனர். உங்கள் ஊர் ஏரியையும் அவ்வாறு அறிந்தவர்களாக நீங்கள் வளர வேண்டும்.